ஏழாம் எண்ணுக்குப் பின்

மார்ச் 2

ஆய்வுக்கூடத் தலைமை மருத்துவருக்கு,

வணக்கம். இதை ஒரு பறவை மருத்துவர் நோய் ஆராயும் நிபுணருக்கு எழுதும் கடிதமாக மட்டும் படிக்கவும். உங்கள் கணவரின் தங்கை எழுதியது என்று நினைத்தால் உறையைப் பிரிக்காமலே ஓரமாகப் போட்டுவிடுவீர்கள். மூன்று வருடமாக நீங்கள் போன் போட்டால் நான் எடுப்பதில்லை. நான் போட்டால் நீங்கள் எடுப்பீர்களா என்று தெரியாது, ஏனென்றால் நான் போட்டதே இல்லை. ஆனால் பறவையின் எச்சத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நம்பும்படி சொல்வதற்கு, எனக்குத் தெரிந்து, உங்களை விட்டால் ஆள் இல்லை. அதனால் வீம்பை ஒரு மாதத்துக்கு மூட்டை கட்டி வைக்கிறேன்.

இங்கே ஒரு பழைய கப்பல் இன்ஜினியர் இருக்கிறார். எல்லோரும் கப்பல்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சைக்கிள் கடையும் ஒரு குடித்தனமும் கீழே, மேலே இவருடைய மூன்று அறை வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறர் வேண்டாம் என்று கைவிட்ட பறவைகளை வாங்கி வைத்துக்கொள்வார். நாற்பத்தொன்று இருந்தன. பெரும்பாலும் லவ் பேர்ட்ஸ் என்று கடையில் விற்கும் சின்னக் கிளிகள், கொஞ்சம் காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளிகள், இரண்டு பெரிய கிளிகள். எல்லாவற்றின் காலிலும் எண் போட்ட வளையம்.

ஜனவரி கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மெலிகின்றன. நாள் முழுக்கத் தீனித் தட்டை விட்டு நகராமல் தின்கின்றன, ஆனால் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. சில வாந்தி எடுக்கின்றன. எச்சத்தில் தினை அரைபடாமல் முழுசாக வருகிறது. ஐந்து இறந்துவிட்டன. அறுத்துப் பார்க்கலாம் என்றால் கப்பல்காரர் எனக்குச் சொல்லாமலே புதைத்துவிடுகிறார்.

இதற்கிடையில் கீழ் வீட்டு டீச்சருக்கு நுரையீரல் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சலாக இருக்கும் என்று யாரோ ஊதிவிட, சுகாதார அதிகாரி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். இது என்ன நோய், மனிதருக்குத் தொற்றுமா, எங்கிருந்து வந்தது என்று மார்ச் முப்பதுக்குள் ஆய்வுக்கூட ரிப்போர்ட்டோடு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் உள்ள முப்பத்தாறையும் எடுத்துப்போய்க் கொன்றுவிடுவார்கள்.

நான் விடுவதாக இல்லை. பன்னிரண்டு எச்ச ஸ்லைடுகளும் தொண்டையில் எடுத்த மாதிரிகளும் இத்துடன் இருக்கின்றன. படிவமும் இருக்கிறது.

இப்படிக்கு,
பறவை மருத்துவர்


மார்ச் 6

டாக்டர் அவர்களுக்கு,

உறையைப் பிரித்துவிட்டேன். நான் பிரிக்காமல் ஓரமாகப் போடும் உறைகள் காப்பீட்டுக் கம்பெனி விளம்பரங்கள் மட்டும்தான்.

தாங்கள் அனுப்பிய பன்னிரண்டு ஸ்லைடுகளையும் பார்த்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்பியிருக்கிறீர்கள். அதற்கு அடியில் யானையே நின்றாலும் எனக்குத் தெரியாது. ஒரு துளி உப்புநீரில் கடுகளவு எச்சம் போதும், கண்ணாடி வழியாக எழுத்துப் படிக்க முடிய வேண்டும். ஒரே நாள் மாதிரியும் போதாது. சில கிருமிகள் ஒரு நாள் எச்சத்தில் வரும், இரண்டு நாள் வராது. ஒவ்வொரு பறவையிடமிருந்தும் நாலு நாள் தொடர்ந்து எடுத்து அனுப்பவும். ஈரமாக இருக்கும்போதே கூரியரில் போடவும்.

படிவத்தில் பாதி காலி. எடை என்ற இடத்தில் ‘குறைகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். குறைகிறது என்பது எடை இல்லை. எத்தனை கிராமிலிருந்து எத்தனை கிராம், எந்தத் தேதியில்? தங்களிடம் எடை நோட்டு இல்லாமல் இருக்காது. படிக்கிற காலத்திலேயே வீட்டில் இருந்த பறவையைத் தினமும் நிறுத்து எங்கள் உயிரை வாங்கியவர் நீங்கள்.

தொண்டை மாதிரிகளைக் கிளிக்காய்ச்சல் சோதனைக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் ஆகும். அவசரப்படுத்தினாலும் அவ்வளவுதான் ஆகும், ஆகவே அவசரப்படுத்த வேண்டாம்.

அத்தை நலம். தாங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தலைமை மருத்துவர்


மார்ச் 10

அண்ணி,

‘தாங்கள்’ போதும், காதில் குத்துகிறது. நான் படிவம் எழுதிய லட்சணத்தைச் சொல்லியாயிற்று. நாலு நாள் மாதிரிகள் இந்தப் பெட்டியில். எழுத்துப் படிக்க முடிகிறதா என்று பேப்பர் மேல் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

எடை நோட்டு இல்லாமலா? முழுவதும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். டிசம்பரிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குக் கப்பல்காரர் வீட்டுக்குப் போய் வளைய எண் வரிசையில் ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை நானே நிறுக்கிறேன். அவர் கை நடுங்கும், அதனால் அவரிடம் விடுவதில்லை. ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் அடித்த அன்றைக்கும் போனேன். ஒரு பறவை நோயை எல்லோரிடமும் மறைக்கும், தராசிடம் மறைக்க முடியாது. எந்தப் பறவை மெலிய ஆரம்பித்தது என்று கப்பல்காரருக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது இந்த நோட்டால்தான்.

எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருக்கிறது. நோய் அறை விட்டு அறை தாவுகிறது. முதலில் விழுந்தது ஏழாம் எண். வீடு மாறிப் போன ஒரு தம்பதி ஜனவரியில் விட்டுவிட்டுப் போன நீலக் கிளி அது, காலியாக இருந்த ஏழாம் வளையத்தைக் கப்பல்காரர் அதற்கு மாட்டினார். வந்த முதல் வாரமே மெலிந்தது. அது இருந்தது சமையலறைப் பக்கத்து அறையில். அடுத்து எட்டு, அது நடு அறை. பிறகு ஒன்பது, தெருப்பக்கத்து அறை. ஒரே கூண்டில் இருக்கும் நாலாம் எண்ணுக்கும் ஒன்பதாம் எண்ணுக்கும் ஒரே தண்ணீர், ஒரே தட்டு. ஒன்பது எலும்பும் தோலுமாக இருக்கிறது, நாலு குண்டாக உட்கார்ந்து விசில் அடிக்கிறது. காற்றில் பரவினால் இப்படி இருக்காது, தண்ணீரில் பரவினாலும் இருக்காது. கூண்டுகளின் அடியில் கம்பி வலை, எச்சம் கீழே விழுந்துவிடும், அதன் மேல் எதுவும் நடப்பதில்லை.

கப்பல்காரர் தானியத்தைச் சந்தேகப்படுகிறார். நேற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் தானியக்கடைக்காரர் வாசலில் கொட்டிவிட்டு வந்துவிட்டார். இருவரும் இருபது வருஷப் பழக்கம், சாயங்காலமானால் ஒன்றாக உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறவர்கள். “இவன் பூஞ்சை பிடிச்ச தினையத்தான் குடுத்திருக்கான், என் பிள்ளைங்கள கொன்னுட்டான்” என்று தெருவே கேட்கக் கத்தினார். நான் தடுக்கவில்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

ஆறாவதும் இறந்துவிட்டது. அதை மட்டும் புதைக்க விடவில்லை, பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஐஸ் வைத்துத் தனிப் பெட்டியில் அனுப்புகிறேன். அறுத்துப் பாருங்கள்.

அம்மா நலம் என்று எனக்குத் தெரியும்.

பறவை மருத்துவர்


மார்ச் 14

கீச்சு,

கை தானாக எழுதிவிட்டது. அடித்தால் தாள் அசிங்கமாகும், இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் உன்னை அப்படித்தானே கூப்பிடுகிறோம், ஆய்வுக்கூடத்தில் கூப்பிட்டால் என்ன.

கிடைத்துவிட்டது.

முதல் இரண்டு நாள் மாதிரிகளில் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மாதிரியில், பன்னிரண்டாம் எண்ணுடையதில், குச்சி குச்சியாக, நேராக, ஒடித்துப் போட்ட துடைப்பக் குச்சிகளைப் போல் கிடந்தன. இறந்த பறவையை அறுத்தேன். இரைப்பையின் சுவர் தடித்து, வழவழவென்று சளி மூடியிருந்தது, அதில் அதே குச்சிகள் ஆயிரக்கணக்கில். இது இரைப்பையில் வளரும் பூஞ்சை. அதனால்தான் தின்றது எதுவும் அரைபடவில்லை, அதனால்தான் நாள் முழுக்கப் பசி. வயிறு நிறையத் தின்றுகொண்டே பட்டினியில் செத்திருக்கின்றன.

நல்ல செய்தி: இது மனிதரைத் தொடாது. கிளிக்காய்ச்சல் முடிவு வரட்டும், அதையும் சேர்த்து அடித்துச் சொல்லலாம். இன்னொரு நல்ல செய்தி: மருந்து இருக்கிறது. பூஞ்சை மருந்தை ஒவ்வொரு பறவையின் வாயிலும் காலையும் மாலையும் சொட்டாக விட வேண்டும், முப்பது நாள். தண்ணீரில் கலந்து வைத்துவிட்டு வருவது என்ற சோம்பேறி வேலை வேண்டாம். கசக்கும். கடிக்கும். நீ விடமாட்டாய் என்று தெரியும்.

தானியம் காரணமில்லை. இந்தப் பூஞ்சை பறவையின் எச்சத்திலிருந்து பறவையின் வாய்க்குத்தான் போகும். ஆகவே எங்கோ ஒரு பறவையின் எச்சத்தை இன்னொரு பறவை கொத்தித் தின்கிறது. வலை போட்ட கூண்டில் அது எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. யார் கூண்டைக் கழுவுகிறார்கள், எந்த வரிசையில், எதைக் கொண்டு? எல்லாவற்றையும் எழுது, அற்பமாகத் தோன்றுவதையும் எழுது.

எடை நோட்டில் பத்தாம் எண்ணுக்கு நேராக ஒரு நாள்கூட எடை இல்லை. ஏன்?

அண்ணி


மார்ச் 17

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கப்பல்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ‘மனிதரைத் தொடாது’ என்ற வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னார். பிறகு கீழே இறங்கிப் போய் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் கணவரிடமும் படித்துக் காட்டச் சொன்னார். அந்த மனிதர் பாதிக் கதவைத் திறந்து கேட்டுவிட்டு, “ரிப்போர்ட் வரட்டும், பாக்கலாம்” என்று மூடிவிட்டார். வரட்டும், பார்க்கட்டும்.

மருந்து தொடங்கிவிட்டேன். முப்பத்தைந்து பறவை, இரண்டு வேளை, எழுபது வாய். என் பத்து விரலிலும் கட்டு. கிளினிக்கைக் காலை பதினொன்றுக்குத்தான் திறக்கிறேன். வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். பதினேழும் இருபத்தொன்றும் நேற்றிலிருந்து வாந்தி எடுக்கவில்லை. முதல் தடவையாக நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். கூண்டுகளைக் கப்பல்காரரே கழுவுகிறார். ஒவ்வொரு அறைக்கும் தனி வாளி, தனித் துணி. கப்பலில் பழகிய சுத்தம், குறை சொல்ல முடியாது.

பத்தாம் எண் யாரென்றால், நீதிபதி. காக்கட்டீல். கையை நீட்டினால் சதையைப் பிய்த்துவிடுவார், பிறகு கொண்டையைத் தூக்கிக்கொண்டு தீர்ப்பு சொன்ன மாதிரி பார்ப்பார். டிசம்பரில் இரண்டு நாள் முயற்சி செய்துவிட்டுக் கைவிட்டேன். எடைபோடப்படாத ஒரே ஆள் அவர்தான். பதினொன்று, பன்னிரண்டு இரண்டும் அவர் கூண்டில்தான் இருந்தன. பதினொன்று இறந்துவிட்டது, பன்னிரண்டு படுத்திருக்கிறது, நீதிபதி மட்டும் உருண்டையாக இருக்கிறார். கொழுப்பு அப்படி.

மற்றவை எடைக்குப் பழகிவிட்டன. என் தந்திரம் ஒன்று சொல்கிறேன், உங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். தராசின் மேல் ஒரு மரப் பெட்டி வைத்திருக்கிறேன், நானே செய்வித்தது. பெட்டிக்குள் பறவை படபடவென்று அடித்தால் எடை நிலைக்காது. அதனால் பெட்டியின் தரையில் பத்துத் தினை தூவி விடுவேன். குனிந்து கொத்திக்கொண்டு அசையாமல் நிற்கும், எடை துல்லியமாகக் காட்டும். ஒன்றை எடுத்ததும் ஈரத் துணியால் ஒரு துடைப்பு, புதுசாகத் தினை, அடுத்தது. நாற்பதையும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைப்பேன். சுத்தத்தில் என்னைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

அப்படியானால் எங்கிருந்து வருகிறது அண்ணி? இன்னும் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது.

கீச்சு


மார்ச் 20

கீச்சு,

இதற்கு முன் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது. இதையும் கிழிப்பதற்குள் கூரியரில் போட்டுவிட வேண்டும்.

கிளிக்காய்ச்சல் சோதனை முடிவு வந்துவிட்டது. ஒரு பறவையிடமும் இல்லை. டீச்சருடைய ஆஸ்பத்திரியிலும் கேட்டேன், அவருக்கு வந்தது வேறு கிருமி. ஆக, உன் பறவைகள் மேல் இருந்த பழி நீங்கியது. முதல் இரண்டு கேள்விக்கும் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் இத்துடன் இருக்கிறது.

மூன்றாவது கேள்வி, எங்கிருந்து வந்தது என்பது. உன் எடை நோட்டை மேசை மேல் விரித்து, நோய் வந்த எண்களைச் சிவப்பில் வட்டம் போட்டேன். ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு வட்டமும் இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது வட்டம். பத்து இல்லை. பதினொன்றிலிருந்து பதினாறு வரை எல்லாம் வட்டம். அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒன்று. முப்பதுக்கு மேல் எதுவும் இல்லை. நோய் அறை வரிசையில் போகவில்லை, கூண்டு வரிசையில் போகவில்லை. எண் வரிசையில் போகிறது. அந்த வீட்டில் எண் வரிசையில் நடக்கும் காரியம் ஒன்றே ஒன்றுதான்.

நீ தினமும் பெட்டியைக் கழுவுகிறாய். ஆகவே ஒன்று முதல் ஆறு வரை சுத்தமான பெட்டியில் தின்கின்றன. ஏழு வந்து எச்சம் போடுகிறது. ஒரே ஈரத் துணி அதை மரத்தின் இடுக்கில் பரப்புகிறது. அதன் மேல் நீ தினை தூவுகிறாய். எட்டு குனிந்து கொத்துகிறது. ஏழு இறந்த பிறகு எட்டு அந்த வேலையைச் செய்தது. போகப் போகத் துணியில் நீர்த்துப்போய் முப்பதாம் எண்ணோடு நின்றுவிடுகிறது. நீதிபதி கடித்ததால் பிழைத்தார்.

அந்தப் பெட்டியை எனக்கு அனுப்பி வை. இடுக்கைச் சுரண்டிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்வேன். அதுவரை இது என் ஊகம்.

ரிப்போர்ட்டில் ‘மூலம்’ என்ற வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். ‘தெரியவில்லை’ என்று போட்டாலும் அதிகாரி வாங்கிக்கொள்வார், பாதி ரிப்போர்ட்டுகளில் அப்படித்தான் இருக்கும். அந்த வரியை நான் நிரப்பப் போவதில்லை. இது இந்த நிமிடம் வரை உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அத்தையின் கிளி இறந்தபோது, நீ கொடுத்த சத்து மருந்து அதிகமாகிச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். உன் முகத்தைப் பார்த்தேன், பார்த்த பிறகும் சொல்லி முடித்தேன். நான் சொன்னது உண்மை. உண்மையாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைத்தேன். முதலில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காக நான் வருத்தப்படுகிறேன். மூன்று வருடமாக வருத்தப்படுகிறேன்.

அண்ணி


மார்ச் 22

மறுபடியும் நான்தானா?

ஒன்பது பறவை செத்திருக்கிறது. காய்ச்சலோடு போய் நிறுத்தேன், விரலைக் கடிக்கக் கொடுத்தேன், கிளினிக்கைப் பாதி மூடி வைத்திருக்கிறேன். கடைசியில் கொன்றது நான். உங்கள் மைக்ராஸ்கோப்பில் எப்போது பார்த்தாலும் என் முகம்தான் தெரியும் போலிருக்கிறது. வருத்தப்படுகிறேன் என்று எழுதிவிட்டால் மற்ற பக்கங்கள் இனிக்குமா?

எண் வரிசை தற்செயலாக இருக்கலாம். நீதிபதிக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி இருக்கலாம். பெட்டியை அனுப்ப முடியாது. அது எனக்குத் தினமும் வேண்டும்.

ரிப்போர்ட்டுக்கு நன்றி.


மார்ச் 24

அண்ணி,

முந்தின கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதியிருந்தால் அது இன்னும் வந்து சேரவில்லை. எழுதாவிட்டால் எழுத வேண்டாம்.

நேற்றுக் காலை கப்பல்காரர் வீட்டுக்குப் பெட்டியோடு போனேன். ஆறாம் எண்ணை நிறுத்துவிட்டு வரிசையில் அடுத்த பறவைக்காகத் தினையைக் கையில் எடுத்தேன். தூவ முடியவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. “என்ன டாக்டரம்மா, தலை சுத்துதா?” என்றார் கப்பல்காரர். பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்து, பலகைகள் சேரும் மூலையை ஊசியால் சுரண்டி, என் சின்ன மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அது நல்ல மைக்ராஸ்கோப் இல்லை. ஆனால் துடைப்பக் குச்சிகள் தெரியும் அளவுக்கு நல்லதுதான்.

 பிறகு நேரே திரும்பிப் போய் அவரிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. “நோய் ஏழாம் எண்ணோட வந்துச்சு. அத மத்ததுக்குக் குடுத்தது என் பெட்டி. நான் தூவுன தினை. தப்பு என்னோடது.” அவர் நீதிபதியின் கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். திட்டுவார், அல்லது அழுவார், அல்லது வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்துத் தயாராகத்தான் நின்றேன்.

“அப்போ தானியக்கடைக்காரன் மேல தப்பே இல்லையா?” என்றார்.

இல்லை என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். முப்பத்திரண்டு பறவைகளோடு என்னைத் தனியாக விட்டுவிட்டு இரண்டு மணி நேரம். நான் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்து முடித்தேன். திரும்பி வந்தவர் கண் சிவந்திருந்தது. ஒரு புது மூட்டைத் தினையை வாசலில் இறக்கி வைத்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார், “சாயங்கால மருந்துக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?” ஐந்து என்றேன். “லேட் பண்ணாதீங்க” என்றார். அவ்வளவுதான் பேச்சு. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஐந்துக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே போய் நின்றேன்.

பெட்டியை அனுப்புகிறேன். உங்கள் கையால் உறுதிப்படுத்துங்கள். ரிப்போர்ட்டின் நகலும் இருக்கிறது. ‘மூலம்’ என்ற வரியில் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்: ‘சிகிச்சை செய்த மருத்துவரின் எடைப் பெட்டி.’ கீழே என் பெயரும் பதிவு எண்ணும். ‘தெரியவில்லை’ என்று போட்டிருந்தால் அந்தத் தெருவில் தானியக்கடைக்காரர்தான் காலம் முழுக்க மூலமாக இருந்திருப்பார்.

இனிமேல் ஒவ்வொரு பறவைக்கும் தனித் தாள், தனிக் கிண்ணம், தினை கிடையாது. படபடவென்று அடித்தால் அடங்கும் வரை காத்திருப்பேன்.

இது இதோடு முடியாது அண்ணி. அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் பிப்ரவரி முழுக்க மற்ற வீடுகளுக்கும் போனேன், கிளினிக்கிலும் அதுதான். நோட்டைப் புரட்டி எண்ணினேன். பன்னிரண்டு வீடு.

முந்தின கடிதத்தில் கடைசி வரி தவிர எல்லாம் உங்கள் மேல் இருந்த பழைய கோபம். அதை இந்தப் பறவைகள் மேல் ஏற்றி எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

கீச்சு


மார்ச் 27

கீச்சு,

பெட்டி வந்தது. இருக்கிறது. நிறையவே இருக்கிறது. நீ எழுதிய வரிக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டு அதிகாரிக்கு நேராக அனுப்பிவிட்டேன்.

உன் கோபக் கடிதம் வந்த அன்று பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் கெட்டதாக எழுதியிருப்பேன். இந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

நீ இதை மறைத்திருந்தாலும் நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் உன்னைப் பற்றி நான் நினைப்பது வேறு மாதிரி ஆகியிருக்கும். இப்போது நினைப்பதை நேரில் சொல்கிறேன், காகிதத்தில் சொன்னால் உனக்குத் தலை கனத்துவிடும்.

பன்னிரண்டு வீட்டுக்கும் போ. போன் செய்து சொல்லாதே, போய்ச் சொல். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நாள் மாதிரி எடு. எல்லாவற்றையும் என் பெயருக்கு அனுப்பு, மற்ற வேலைகளை நான் தள்ளி வைக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

முப்பதாம் தேதி அதிகாரி வந்தார். உங்கள் ரிப்போர்ட்டை நின்றுகொண்டே முழுசாகப் படித்தார். மூன்றாவது வரிக்கு வந்ததும் தலையைத் தூக்கி, “இது நீங்களா?” என்றார். நான்தான் என்றேன். “இப்படி எழுதி நான் பார்த்ததில்ல” என்றார். பாராட்டா, கண்டனமா என்று தெரியவில்லை. நோட்டீஸைத் தன் கையாலேயே கிழித்தார், பசை ஒட்டிய மூலை மட்டும் வரவில்லை. கப்பல்காரர் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். முப்பத்திரண்டும் இருக்கின்றன. பன்னிரண்டாம் எண் எட்டு கிராம் ஏறியிருக்கிறது.

இதுவரை பதினொரு வீட்டுக்குப் போய் வந்துவிட்டேன். முதல் வீட்டு வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். நாலாவது வீட்டில் பழகிவிட்டது. பழகியது எனக்கே பிடிக்கவில்லை. வங்கி அதிகாரி ஒருவர், “நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காதே” என்று என்னவோ நான் சொன்னதுதான் தப்பு என்பது போல் வருத்தப்பட்டார். ஒரு அம்மா உள்ளேயே விடவில்லை. அவருடைய பறவை போன மாதம் இறந்திருக்கிறது. கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வந்தேன். இனி என் கிளினிக் பக்கம் வர மாட்டேன் என்று மூன்று பேர் சொன்னார்கள், வர மாட்டார்கள்தான். மிச்சம் பேர் மாதிரி கொடுத்தார்கள். எல்லாம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும்.

பன்னிரண்டாவது வீடு உங்கள் வீடு.

அம்மா போன வருஷம் வாங்கிய மஞ்சள் கிளியை, பிப்ரவரி பத்தாம் தேதி அண்ணன் ஒரு சட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு என் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார். அம்மாதான் அனுப்பினாராம். “கீச்சு பாத்தாதான் எனக்கு நிம்மதி” என்றாராம். உங்களுக்குத் தெரியக் கூடாது என்று அண்ணன் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் நகம் வெட்டினேன், அலகைப் பார்த்தேன், பெட்டியில் தினை தூவி நிறுத்தேன். நல்ல எடை என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் கிளி என் மருந்தால் போனது. அதற்குப் பிறகும் அம்மா அடுத்த கிளியை என்னிடம்தான் அனுப்பினார். பதினொரு வீட்டில் சொன்னேன், அந்தப் பதினொன்றும் சேர்ந்து இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அம்மாவிடம் நானே சொல்கிறேன். அதற்குள் மாதிரி மட்டும் எடுத்துப் பாருங்கள்.

கீச்சு


ஏப்ரல் 5

கீச்சு,

உன் அண்ணன் பிப்ரவரியில் ஒரு நாள் கிளியைக் ‘காற்று வாங்க’ அழைத்துப் போவதாகச் சொன்னார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது என்பது கல்யாணமான வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் கேட்கவில்லை.

மூன்று நாளாகத் தினமும் காலையில் கூண்டுத் தட்டின் மேல் குனிந்துகொண்டிருக்கிறேன். முதல் நாளும் இரண்டாம் நாளும் இல்லை. இன்றைக்கு இருந்தது. கொஞ்சம்தான். பறவை இன்னும் மெலியவில்லை, வீடு முழுக்கப் பறக்கிறது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், முப்பது நாள் மருந்தில் சரியாகிவிடும். மருந்து கலந்து வைத்திருக்கிறேன். முதல் சொட்டை நீ வந்து விட வேண்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன், ஓரிரு நாள் தாமதத்தால் கெட்டுவிடாது.

அத்தையிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. ஆனால் அவர் சும்மா இருக்கிறாரா? காபி டம்ளரோடு என் பின்னாலேயே நிற்கிறார். “மூணு நாளா அந்தத் தட்டுல அப்படி என்னத்த தேடுற? ஏதாவது இருந்தா என்கிட்ட சொல்லு” என்கிறார். நேற்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இன்றைக்குக் காலை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஐம்பது வயதில் மாமியாருக்குப் பயந்து குளியலறையில் ஒளிந்துகொண்டிருக்கிறேன், உனக்காக.

அவர் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டால் எனக்குப் பொய் வராது. உனக்கே தெரியும். ஞாயிறு வரை தாங்காது கீச்சு. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடு.

அண்ணி